'ஆன்' என்னும் சிறு சொல்

ஹெப்பகோடியில் 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. தரையில் அன்று, தூண்கள் தாங்கும் பாலத்தின்மேல். பாலத்தடியில் நிற்பவருக்கோ அது தலைக்கு மேல் ஓடுகிறது. இதனை ஆங்கிலத்தில் எழுதப் புகும் நம் மாணவர் சிலர், 'மேல்' என்றால் 'ஆன்' என்று பள்ளியில் நெட்டுருச் செய்த நினைவில், 'ஆன் மை ஹெட்' என எழுதிவிடுகின்றனர். ரயில் அவர்தம் தலைமீதே ஏறிவிட்டது!

'ஆன்' என்பதன் உயிர்ப்பொருள் உயரம் அன்று, தொடுதல். ஆகவேதான் மதில்மேல் பூனைக்கும், சுவரில் மாட்டிய கடிகாரத்துக்கும், உட்கூரையில் தலைகீழாய் ஒட்டிய பல்லிக்கும் ஆங்கிலேயர் அவ்வொரு சொல்லையே வழங்குவர். தொடாது உயர்ந்து நின்றால் 'அபவ்'; கடந்து சென்றாலும் கவிந்து நின்றாலும் 'ஓவர்'. ரயில் பாலத்துக்கு 'ஆன்', நமக்கு 'ஓவர்'.

தமிழில் இந்நுட்பம் இல்லை என்பார் உளர். நான் உடன்படேன். 'மேல்' என்பதனைத் தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமை இடப்பொருட் சொற்களுள் வைத்தார். அதன் முன் 'கு' உருபு வருவதும் வராததும் கவனிக்கத்தக்கது. 'தலைமேல் சுமை' என்கிறோம். சுமை தலையைத் தொடுகிறது. 'தலைக்கு மேல் வெள்ளம்' என்கிறோம். வெள்ளம் தலையைக் கடந்துவிட்டது. 'நூற்றுக்கு மேல்' என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்திலும் அங்கே 'ஓவர்' தான். பேச்சில் இவை சில வேளை மயங்கி வருவதுண்டு.

ஆதலின் எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'கு' வந்தால் பெரும்பாலும் 'ஆன்' ஆகாது. சுவர்க்கடிகாரத்துக்கும் பல்லிக்கும் மட்டும் இச்சோதனை உதவாது; அங்கே நாம் 'மேல்' என்பதையே விட்டு, 'இல்' என்கிறோம்.