கிரியாட்டினின்: இங்கே 1, பாரீசில் 88

போலகத்துக்காரர் ஒருவர் காரைக்காலில் ரத்தம் கொடுத்து, கிரியாட்டினின் 1.0 என்று ரிப்போர்ட் வாங்குகிறார். பாரீசில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் அங்கேயும் எடுத்தால் தாளில் 88 என்று இருக்கும், பக்கத்திலேயே 10 என்றும் இருக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமையும் பென்ஷனும் இன்னும் புழங்கும் காரைக்கால் பகுதியில் இப்படி இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு திகைப்பது நடக்கக்கூடியதுதான். மூன்று எண்களும் ஒன்றே. நம் லேப் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறது. அங்கே லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல், இத்தனை மில்லிகிராம் என்கிறார்கள். நம் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் கணக்கு வந்துவிடும்.

'உப்பு ஏறிடுச்சு' என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் கிரியாட்டினினுக்கும் சமையல் உப்புக்கும் உறவில்லை. இது தசையின் கழிவு, சிறுநீரகம் வடித்து வெளியேற்றுவது. தசை அவசரத் தேவைக்குச் சக்தியைச் சேமிக்கும் கிரியாட்டின் என்ற பொருளில், நாளுக்கு ஒன்றிரண்டு சதவீதம் தானாகவே சிதைந்து கிரியாட்டினின் ஆகிறது. நாம் தூங்கினாலும் உழைத்தாலும் அந்த வரத்து பெரிதாக மாறுவதில்லை. அந்தச் சீர்தான் இதைச் சிறுநீரகத்தின் அளவுகோலாக்கியது.

அளக்கும் முறைக்கும் ஒரு கதை உண்டு. பிக்ரிக் அமிலத்தோடு காரம் சேர்த்தால் கிரியாட்டினின் ஆரஞ்சு நிறம் காட்டும் என்று 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டார். முதல் உலகப் போரில் குண்டுகளில் அடைத்த வெடிமருந்துகளில் ஒன்று அதே பிக்ரிக் அமிலம்தான்! அந்த நிறத்தின் அடர்த்தியை வைத்துக் கிரியாட்டினினை அளக்கும் வழியை 1904இல் ஓட்டோ ஃபோலின் வகுத்தார். இன்றும் பல லேப் இயந்திரங்களுக்குள் நடப்பது இதுவே. குளுக்கோஸ், கீட்டோன், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள்கூட அந்த நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆகவே போன மாதம் 1.0, இந்த மாதம் 1.1 என்பதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

சிறுநீரகங்கள் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. உடம்பில் இருக்கும் ரத்த நீரோ மூன்று லிட்டர் அளவுதான். அதே நீர் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. கடைமடை ஊர்க்காரருக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. வரத்து மாறாமல் இருக்க, வடிகால் பாதி அடைபட்டால் நீர்மட்டம் ஏறும். ஏறிய மட்டத்தின் அழுத்தத்தில் வடிவதும் வரத்தும் சமமானதும் அங்கே நின்றுவிடும். கிரியாட்டினினும் அப்படித்தான். வடிகட்டும் திறன் பாதியானால் எண் இரண்டு மடங்காகி நிற்கும்.

ஏமாற்றமே இங்கேதான் இருக்கிறது. 0.6 இருந்தவருக்கு 1.2 ஆனால் திறனில் பாதி போயிருக்கலாம். ஆணாக இருந்தால் ரிப்போர்ட் அதையும் 'இயல்பு' வரம்புக்குள் போட்டுவிடும். 4 இருந்தது 8 ஆகும்போது வீடே கலங்கும். ஆனால் அதற்குள் பெரிய இழப்பு முடிந்து, மிச்சமிருந்ததில் பாதிதான் போயிருக்கும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஊர்ச் சராசரியைவிட உங்கள் பழைய எண்ணே நல்ல சாட்சி.

ஆளுக்கு ஆள் தசையும் வேறு. 25 வயது இளைஞருக்கு 1.1 என்றால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சூத்திரப்படி வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 95 மில்லிலிட்டர் அளவில் வரும். அதே 1.1 எழுபத்தைந்து வயது ஆத்தாவுக்கு என்றால் 52 தான். மூன்று மாதத்துக்கு மேலும் 60க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட்டில் 'ஈ.ஜி.எஃப்.ஆர்' என்று தனி வரியில் வருவது இந்தக் கணக்குதான். பலர் அதைப் படிப்பதே இல்லை.

முதல் நாள் இரவு ஆட்டுக்கறிக் குழம்பு பலமாக இருந்தாலும் எண் சற்று ஏறும். கறியைச் சமைக்கும்போது அதிலுள்ள கிரியாட்டின் கிரியாட்டினினாக மாறி, நம் ரத்தத்தில் வந்து சேர்கிறது. வெயிலில் நாள் முழுக்க நடவு நட்டு, தண்ணீர் குடிக்காமல் வந்து ரத்தம் கொடுத்தாலும் அப்படித்தான். இவை இறங்கிவிடும், மறுபடி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குக் கிரியாட்டினின் அசையும் முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்குவதுண்டு. அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரிலும் அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தசை வற்றிய முதியவர்களுக்குக் கிரியாட்டினின் பொய்யாகக் குறைந்து தெரியும். சந்தேகம் வந்தால் டாக்டர் சிஸ்டேட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார். அது தசையை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை, விலை மட்டும் கூடுதல்.