980 வரவில்லையா? அங்கேதான் பாடம் ஆரம்பம்!

பி.எஸ்சி இயற்பியல் முதலாண்டு லேப். தனி ஊசல் சோதனை. நூலில் தொங்கும் குண்டை ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தகம் சொல்லும் விடை, சென்டிமீட்டர் கணக்கில் 980. மாணவிக்கு வந்ததோ 1,084!

பக்கத்து மேஜையிலிருந்து யோசனை வருகிறது: "980 வர்ற மாதிரி பின்னாலேருந்து கணக்குப் போட்டு, ரீடிங்கை மாத்தி எழுதிடு. மார்க் வந்துடும்."

மார்க் வரலாம். ஆனால், அந்த 1,084 ஒரு துப்பு. ரப்பர் வைத்து அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

வாட்சை அமுக்கும்போது 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால், 20 என்று சொல்லி முடிக்கும்போது குண்டு ஆடியிருப்பது 19 முறைதான். அந்த ஒரு அலைவு குறைந்ததால் விடை சுமார் 10 சதவிகிதம் எகிறிவிடும். நீளத்திலும் இப்படித்தான். நூலை மட்டும் அளந்து, குண்டின் மையம் வரை அளக்க மறந்தால், ஒரு மீட்டர் ஊசலில் 1 செ.மீ. குறைந்தாலே விடையில் 10 குறையும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் விரலின் தாமதம் இருக்கிறது. 0.2 விநாடி பிசகினால், ஓர் அலைவுக்கு அது 10 சதவிகிதப் பிழை. 20 அலைவுகளுக்கு அரை சதவிகிதம்தான். 20 முறை எண்ணச் சொல்வதன் காரணம் இதுதான். அப்போதும் விடை 10 வரை முன்பின் போகலாம். ஆக, 970 என்பதும் நேர்மையான விடையே.

இன்னொரு வேடிக்கை. புவியீர்ப்பு முடுக்கம் துருவத்தில் சுமார் 983, நிலநடுக்கோட்டில் 978. சென்னையிலும் ஏறக்குறைய 978தான். 978 வந்தவர் அதை 980 என்று 'திருத்தினால்', சரியான விடையைத் தப்பாக்குகிறார்!

இந்தச் சபலம் மாணவர்களுக்கு மட்டுமல்ல. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன், காற்றின் பாகுநிலைக்குச் சற்றுத் தவறான மதிப்பைப் பயன்படுத்தியதால், அவருடைய விடை கொஞ்சம் குறைந்தது. பின்னால் அளந்தவர்களின் விடைகள் சட்டென்று சரியான எண்ணுக்குத் தாவவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகவே ஏறின. மில்லிகனின் எண்ணிலிருந்து அதிகம் விலகிய விடைகளில் குறை தேடியவர்கள், நெருங்கி வந்தவற்றை அவ்வளவாகச் சோதிக்கவில்லை என்று 1974-ல் ஒரு பட்டமளிப்பு உரையில் சுட்டிக்காட்டினார் ரிச்சர்ட் ஃபெயின்மன்.

இதை மாற்ற முடியுமா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. நடாஷா ஹோம்ஸ், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், டக் பான் ஆகியோர் நடத்தியது. ஊசலை 10 டிகிரியிலும் 20 டிகிரியிலும் ஆடவிட்டு நேரத்தை ஒப்பிட வேண்டும். இரண்டும் சமம் என்பதே பாடம். 'ஒப்பிடுங்கள், அளவை மேம்படுத்துங்கள், மறுபடி ஒப்பிடுங்கள்' என்று சொல்லப்பட்டது. துல்லியம் கூடக் கூட, வித்தியாசம் தெரிந்தது! ஒரு மீட்டர் ஊசலில் 50 அலைவுகளுக்கு அது அரை விநாடிக்குச் சற்று மேல். புத்தகச் சூத்திரம் சிறிய கோணங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மாணவர்களின் கைகளே கண்டுபிடித்தன. இப்படிப் பழகியவர்கள், சோதனை முறையைத் தாங்களாகவே மேம்படுத்த முன்வருவது மற்றவர்களைவிட 12 மடங்கு அதிகமாக இருந்தது.

இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. அதே நூல், அதே குண்டு. முதல் ரீடிங்கை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதினால் போதும். '980 வந்ததா?' என்பதற்குப் பதிலாக, '1,084 ஏன் வந்தது?' என்று ஆசிரியர் கேட்டு, அந்தப் பதிலுக்கும் மார்க் போட்டால், பின்னாலிருந்து கணக்குப் போடும் வேலையே இருக்காது.