பூனைகளின் அன்பு வெளிப்பாடு

பூனைகளின் அன்பு வெளிப்பாடு என்பது வீட்டுப் பூனைகள் தமக்குப் பழக்கமான மனிதரிடமும் பிற பூனைகளிடமும் உடலசைவு, மணம், ஒலி ஆகியவற்றின் மூலம் நெருக்கத்தைக் காட்டும் நடத்தைகளைக் குறிக்கும். இவற்றுள் சில, குட்டிப் பருவத்தில் தாயுடன் பழகிய முறைகளின் தொடர்ச்சியாகும். ஒரே நடத்தை மகிழ்ச்சியையும் நோவையும் குறிக்கக்கூடும் என்பதால், இவற்றைச் சூழலுடன் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

பின்னணி

வீட்டுப் பூனை, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது ஆகும். நாயின் மூதாதையரான ஓநாய்கள் கூட்டமாக வாழ்வன. காட்டுப்பூனையோ தனித்து வேட்டையாடுவது. இதனால் பூனைக்கு வளர்ப்பவரிடம் பற்று இல்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும் ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 64 விழுக்காடு குட்டிகள் வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்பைக் கொண்டிருந்தன. சிறிது நேரம் பிரிந்திருந்த வளர்ப்பவர் திரும்பி வந்ததும் இக்குட்டிகளின் பதற்றம் குறைந்தது.

முதன்மையான நடத்தைகள்

வாலை உயர்த்துதல்: வாலை நேராக உயர்த்தியபடி அணுகுவது நட்பான வரவேற்பாகும். வாலை இருபுறமும் வேகமாக அடிப்பது பெரும்பாலும் எரிச்சலின் அறிகுறி; அதனை நாய் வாலாட்டுவதுடன் ஒப்பிடுதல் தவறு.

உராய்தல்: பூனையின் கன்னம், தாடை, நெற்றி ஆகிய பகுதிகளில் மணச் சுரப்பிகள் உள்ளன. மனிதரின் காலிலோ கதவு நிலையிலோ உராயும்போது பூனை தன் மணத்தை அவற்றில் பதிக்கின்றது.

பிசைதல்: பால் குடிக்கும் குட்டி, பால் சுரப்பைத் தூண்டுவதற்காகத் தாயின் முலைப்பகுதியை முன்னங்கால்களால் மாறிமாறி அழுத்தும். வளர்ந்த பூனை, போர்வையையோ மனிதரின் மடியையோ பிசைவது இப்பழக்கத்தின் எச்சமாகக் கருதப்படுகின்றது.

கண் சிமிட்டுதல்: உற்றுப் பார்ப்பதைப் பூனைகள் மிரட்டலாகக் கொள்ளும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர் மெதுவாகக் கண் சிமிட்டியபோது பூனைகளும் கண்களைச் சுருக்கிப் பதிலளித்தன. அறிமுகமற்றவர் அவ்வாறு செய்தபோதும், அவர் நீட்டிய கையை அவை கூடுதலாக அணுகின.

மியாவ் ஒலி: வளர்ந்த பூனைகள் தமக்குள் இவ்வொலியை அரிதாகவே பயன்படுத்துகின்றன. இது பெரும்பாலும் மனிதரை நோக்கியே எழுப்பப்படுகின்றது.

கர்ர் ஒலி

மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் தொடர்ந்து ஒலிக்கும் இத்தாழ்ந்த ஒலி குரல்வளையில் தோன்றுகின்றது. இது பெரும்பாலும் நிறைவின் வெளிப்பாடாகும். ஆனால் காயமுற்ற பூனைகளும், ஈனும் பூனைகளும், இறக்கும் தறுவாயில் உள்ள பூனைகளும் இவ்வொலியை எழுப்புவதுண்டு. ஆகவே ஒலியை மட்டும் கொண்டு பூனை நலமாக உள்ளது என முடிவு செய்ய இயலாது.

தவறான புரிதல்கள்

மல்லாந்து வயிற்றைக் காட்டுதல் நம்பிக்கையின் அறிகுறியே தவிர, வயிற்றைத் தொடுவதற்கான அழைப்பு அன்று. தொட்டால் பல பூனைகள் கீறும்.

பூனைகள் நோவை மறைக்கும் இயல்புடையன. பழகிய பூனை திடீரென ஒளிந்துகொள்வதும், உண்ண மறுப்பதும், வழக்கத்துக்கு மாறாக ஒட்டிக்கொள்வதும் நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். குறிப்பாக, கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வெளியேறாதிருந்தால் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். உடனடி மருத்துவம் இன்றேல் இந்நிலை ஓரிரு நாட்களுள் உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடியது. இதனைப் பிடிவாதம் என்றோ, இடத்தை அசுத்தப்படுத்தும் கெட்ட பழக்கம் என்றோ கருதித் தண்டிப்பது, சிகிச்சைக்கு உரிய நேரத்தை வீணாக்கிவிடும்.