கோட்டுக்கு அப்பால் ஐந்து மீற்றர்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி மாவனல்லையை ஊடறுத்துச் சென்று கடுகண்ணாவை மலையில் ஏறுகின்றது. கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டித் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே 1945 ஆம் ஆண்டில் தொடங்கிய பிராட்பி கேடய றக்பிப் போட்டி கண்டியில் நிகழும் நாளில், கொடி பறக்கும் வண்டிகள் எங்கள் கடைத்தெருவைக் கடந்து செல்லும். அவற்றைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அவ்விளையாட்டில் ஆசை பிறப்பது இயல்பே. பேரரங்குகளிற் பார்வையாளருக்கு இருக்கையுண்டு, தடுப்புமுண்டு. ஊர் மைதானத்திலோ சுண்ணாம்புக் கோடு ஒன்றே உண்டு. அக்கோட்டை மிதித்துக்கொண்டே நாம் ஆட்டம் பார்க்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை மைதானம் ஒன்றில் நிகழ்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பந்தை மார்போடணைத்து ஓரமாக ஓடிவந்தான் ஒரு மாணவன். கோட்டருகே ஒரு சிறுமி நிலத்தில் அமர்ந்திருந்தாள். அவளைக் கண்ட கணத்தில் அவன் தன் உடலைத் திருப்பினான்; நிலைகுலைந்து, கொடி கட்டிய இரும்புக் கம்பத்தில் மோதி வீழ்ந்தான். சிறுமி தப்பினாள், அவன் தோளெலும்பு முறிந்தது. அச்சிறுமி அங்கே அமர்ந்தது ஏன்? முன்னே நின்ற பெரியவர்கள் அவள் பார்வையை மறைத்தமையால். அப்பெரியவர்களுள் யானும் ஒருவன்.

உலக றக்பிச் சங்கத்தின் முதலாம் விதி, இடவசதி உள்ளவிடத்து ஆடுகளத்தைச் சூழ ஐந்து மீற்றருக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும் என்கின்றது. ஏன் ஐந்து மீற்றர்? கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு மீற்றரைப் பன்னிரண்டரை விநாடியில் ஓடும் இளைஞன், ஒரு விநாடியில் எட்டு மீற்றர் கடப்பான். ஒரு மீற்றர் தொலைவில் நிற்பவரை அவன் விநாடியின் எட்டிலொரு பங்கில் வந்தடைவான். கண்டதற்கேற்பக் கால் அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழக் கால் விநாடி வேண்டும். ஆகவே அருகில் நிற்பவர் விலக நினைப்பதற்குள் மோதல் முடிந்துவிடும். ஐந்து மீற்றர் தொலைவாயின் அரை விநாடிக்கு மேல் கிடைக்கின்றது. பார்வையாளர் விலகவும், ஓடுபவன் வேகம் தணிக்கவும் அவ்விடைவெளி இடந்தருகின்றது. நாம் தூரமென்று கருதுவது உண்மையில் நேரமேயாகும்.

“அடிபட்டால் எனக்குத்தானே” என்பாருமுளர். அன்று அடிபட்டவன் ஆடியவனன்றோ? மேலும், கோட்டைத் தாண்டிய பந்தைப் பார்வையாளர் ஒருவர் தொட்டுவிட்டால், அதனை உடனே உள்ளெறிந்து ஆட்டத்தைத் தொடரும் உரிமையை ஆடுவோர் இழக்கின்றனர். அன்போடு எடுத்துக் கொடுப்பதுகூட இடையூறாகிவிடுகின்றது.

பார்ப்போரை விலக்கி வைப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. கலித்தொகையில் முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவலில், காளைகள் தொழுவினுள் விடப்பட்டன. ஆயர் மகளிர் பரண்மீதிருந்து கண்டனர். வீரம் களத்துக்குரியது, காட்சி பரணுக்குரியது என்ற தெளிவு அன்றே இருந்தது.

அத்தெளிவு குன்றுமிடத்து விளைவது யாதென்பதை 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையிற் கண்டோம். பொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துட் புகுந்து எழுவரைப் பலிகொண்டது. அவருள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. காரின் வேகம் வேறு, காலின் வேகம் வேறுதான். ஆயினும் இடைவெளியின் தேவை ஒன்றே.

அதற்காக மைதானத்தைக் கம்பிவேலியால் அடைத்துவிடலாமோ? அதுவும் ஆகாது. 1989 ஏப்ரல் 15 இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் நெரிசலுற்றோர், முன்னிருந்த உயர்ந்த வேலியால் களத்துட் செல்லவியலாது நசுங்கினர். மாண்டோர் தொகை 97. தடுப்பானது மக்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், அடைத்து வைத்தலாகாது.

ஊர் மைதானத்துக்கு ஏற்றது கயிறே. ஆட்டத்துக்கு முன்னரே ஐந்து மீற்றர் அளந்து கயிறு கட்டுக. கம்பங்கள் கயிற்றோடு அவ்வெல்லையில் நிற்கட்டும். கோட்டோரம் இரும்பு வேண்டா. சிறுவரைக் கயிற்றுக்கு வெளியே முன்வரிசையில் அமர்த்துக. பெரியோர் அவர்பின் நிற்க. பக்கத்துக்கு இரண்டு மூத்த மாணவர், களத்தை நோக்காது கூட்டத்தை நோக்கி நிற்க. கூட்டம் முன்னேறினால் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தட்டும். மக்கள் பின்வாங்கிய பின்னர் தொடரட்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. ஆனால் கயிறு தானே காவல் செய்யாது. கற்றோர் அதனை மதித்தால் மற்றோரும் மதிப்பர். ஆசிரியர் ஒருவர் கயிற்றைத் தாண்டி நின்றால், மாணவரை விலகுமாறு சொல்ல எவருக்கு வாய் வரும்? அன்று தோள் முறிந்த மாணவன் ஒரு கணத்துள் தன் கடமையை உணர்ந்தான். நமக்கோ ஆட்டம் தொடங்குமுன் வேண்டிய நேரமிருக்கின்றது. ஐந்து மீற்றர் பின்னே நிற்போமாக.