‘தி பிளைண்ட்’ என்றால் ஒருவரா, பலரா?

“தி புவர்ஸ் ஆர் சஃபரிங்.” பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஆங்கிலப் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தாள். ‘புவர்ஸ்’ கடைசியில் இருந்த ‘எஸ்’ மேல் சிவப்பு மையில் ஒரு சுழி. அரை மார்க் போச்சு.

“ஏழைங்க நிறைய பேரு மாமா. பன்மைன்னா ‘எஸ்’ போடணும்லா? அப்புறம் ஏன் தப்பு?”

நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். சுலோசன முதலியார் பாலத்துக்குக் கீழே தாமிரபரணி. ஆற்றைத் தாண்டினால் வரும் ஊரிலேயே அவள் கேள்விக்குப் பதில் இருந்தது.

பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று ‘ஸ்கூல் ஃபார் தி பிளைண்ட்’. மற்றொன்று ‘ஸ்கூல் ஃபார் தி டெஃப்’. பிளைண்ட், டெஃப் இரண்டுமே பெயரடைகள், அதாவது ஒரு பெயருக்கு முன்னால் நின்று அதன் தன்மையைச் சொல்லும் சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றின் முன்னால் ‘தி’ சேர்த்து, பின்னால் வரவேண்டிய ‘பீப்பிள்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், அந்தத் தன்மை கொண்ட மொத்தக் கூட்டத்தையும் குறிக்கும் பெயராகிவிடும். தி ரிச், தி புவர், தி ஓல்ட், தி சிக் எல்லாம் இப்படித்தான். ஏற்கெனவே பன்மை என்பதால் ‘எஸ்’ வராது. வினைச்சொல் மட்டும் ‘ஆர்’ என்று பன்மையில் வரும்.

“பிளைண்ட்ஸ்னு ‘எஸ்’ போட்டா என்ன ஆகும் மாமா?”

“ஜன்னல்ல தொங்கவிடுற மறைப்புக்குத்தான் அந்தப் பேரு. ஜன்னல் மறைப்புக்கெல்லாம் பள்ளிக்கூடம் நடத்துறதா அர்த்தமாயிரும்.”

முன் சீட்டில் இருந்த பெரியம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டத்துக்குப் பெயர் வைக்கும் இந்த வழி, ஒரு ஆளுக்கு ஒத்துவராது. ஒருவரைச் சொல்ல ‘எ பிளைண்ட்’ என்று நிறுத்த முடியாது. ‘எ பிளைண்ட் பெர்சன்’ என்றாக வேண்டும். விதிவிலக்கு கோர்ட் செய்திகளில் கிடைக்கும். ‘தி அக்யூஸ்ட்’, ‘தி டிசீஸ்ட்’ என்பவை ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும்.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. ‘நல்ல’ என்பதோடு விகுதி சேர்த்தால் நல்லவன், நல்லவள், நல்லவர், நல்லது, நல்லவை என்று ஆணா பெண்ணா, ஒன்றா பலவா, மரியாதை உண்டா என்பது வரை தெரிந்துவிடும். ‘ஏழை’யோ தனியாகவே பெயர்ச்சொல், ‘கள்’ சேர்த்தால் பன்மை. அவள் அதைத்தான் ஆங்கிலத்தில் செய்திருக்கிறாள். தமிழ் மூளை செய்த தப்பு. என்னைக் கேட்டால், அரை மார்க்கைக் கொடுத்திருக்கலாம்!

1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார். பொன் வளையல், கல் மண்டபம், மரப்பெட்டி என்று நாம் பெயரையே அடையாக நிறுத்துகிறோம். ஆங்கிலமோ ‘தி’ போட்டு அடையைப் பெயராக்குகிறது.

பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடைக்குப் போனோம். “அண்ணாச்சி, ரெண்டு ஸ்ட்ராங்கு, ஒரு லைட்டு” என்றார் ஒருவர். நான் அவளைப் பார்த்தேன், புரிந்துகொண்டாள். டீ என்ற சொல்லே வரவில்லை. பையிலிருக்கும் மொபைல், தெருமுனை மெடிக்கல் எல்லாமே பெயரைத் தொலைத்த பெயரடைகள்தான்.

டீயை இப்படிச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர்களைச் சொல்லும்போதுதான் வம்பு.

இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் தொடங்கியது 1887-ல். மூன்றே ஆண்டுகளில், 1890-ல், பாளையங்கோட்டையில் மிஸ் ஆஸ்க்வித் தொடங்கினார். அதே பத்தாண்டுகளுக்குள் ஃபுளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காதுகேளாதோருக்கான பள்ளியை உருவாக்கினார். அன்று ‘தி பிளைண்ட்’ என்பது யாரையும் உறுத்தாத சொல். பிறகு, ஒரு குறையை மட்டும் வைத்து ஆட்களை மொத்தமாகக் கட்டி மூட்டையாக்குவதா என்ற கேள்வி வந்தது. நம் நாட்டுச் சட்டத்தின் பெயரே 1995-லும் 2016-லும் ‘பெர்சன்ஸ் வித் டிசெபிலிட்டீஸ்’ என்று ஆளை முன்னால் வைத்தது. தமிழில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளிகள்’ வந்தது.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் பார்வையற்றோரே நடத்தும் தேசியக் கூட்டமைப்பு, ‘பிளைண்ட் என்ற சொல்லில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சுற்றிவளைக்க வேண்டாம்’ என்ற பொருளில் 1993-ல் தீர்மானமே போட்டது. அவர்கள் அமைப்பின் பெயரில் இன்றும் ‘தி பிளைண்ட்’ இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

2023 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், ‘தி புவர், தி டிசேபிள்ட்’ போன்றவற்றைத் தவிர்க்கச் சொன்னபோது, அதே பட்டியலில் ‘தி ஃபிரெஞ்ச்’ என்பதையும் சேர்த்துவிட்டது. வாஷிங்டனில் உள்ள பிரான்ஸ் தூதரகம், விளையாட்டாகத் தன் பெயரை ‘ஃபிரெஞ்ச்தன்மையின் தூதரகம்’ என்று சமூக வலைதளத்தில் மாற்றிக்கொண்டது. ஊரே சிரித்தது. செய்தி நிறுவனம் பதிவை நீக்கி வருத்தம் தெரிவித்தது.

“அப்போ நான் என்ன எழுத? தி புவரா, புவர் பீப்பிளா?”

“ரெண்டும் சரி. மார்க்கும் கிடைக்கும்.”

டீ கிளாஸை வைத்துவிட்டு, விடைத்தாளின் ஓரத்தில் ‘புவர் பீப்பிள் ஆர்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “பீப்பிளுக்கு ‘எஸ்’ வேணுமா மாமா?”