மெய்ச் சான்றும் பொய்ச் சான்றும்

பரீட்சை முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில், பூனாகலைப் பகுதியிலுள்ள எங்கள் பாடசாலை அலுவலகத்துக்கு முன்னாள் மாணவர் ஒவ்வொருவராக வருவர். கையில் சான்றிதழும் அதன் பிரதிகளும் இருக்கும். மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டு, ‘உண்மைப் பிரதி’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, பதவி முத்திரையையும் இட்டுக் கொடுப்பேன். அந்த முத்திரையைச் சான்றிதழின் மெய்மைக்கு அதிபர் அளித்த உறுதி என்றே பலரும் கருதுகின்றனர். நேயர்களே, அஃது அவ்வாறன்று. கையிலுள்ள தாளும் பிரதியும் ஒன்றே என்பதற்கு மேல் அம்முத்திரை எதையும் சொல்வதில்லை. தாளே பொய்யாயின், அப்பொய்யின் செம்மையான பிரதிக்கு நான் சாட்சி சொன்னவனாவேன்.

2024ஆம் ஆண்டில் இக்கேள்வி நாட்டின் உயர்ந்த ஆசனங்களுள் ஒன்றையே எட்டியது. நவம்பர் 21ஆந் திகதி சபாநாயகராகத் தெரிவான அசோக ரன்வல, தமது கலாநிதிப் பட்டம் குறித்து எழுந்த சர்ச்சையினால் டிசம்பர் 13ஆந் திகதி பதவி விலகினார். தாம் பொய்யுரைக்கவில்லை என்றும், பட்டத்துக்குரிய ஆவணங்களை உடனடியாகச் சமர்ப்பிக்க இயலவில்லை என்றும் அவர் கூறினார். சபாநாயகராவதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆயினும் பெயருக்கு முன் நின்ற ஒரு சொல்லுக்கு நாடு ஆதாரம் கேட்டது. பட்டமும் பயிற்சியும் இன்றியமையாத உத்தியோகங்களில் இவ்வாறு கேட்பவர் யார்?

அரசாங்க சேவையில் அதற்கு ஒரு முறை உண்டு. விளம்பரம், பரீட்சை அல்லது நேர்முகம், பின்னர் நியமனம். நிரந்தர நியமனமாயின் பொதுவாக மூன்றாண்டுத் தகுதிகாண் காலம். சான்றுகள் சுயவிபரக் கோவையில் சேர்கின்றன. ஐயம் எழுந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்கலாம். முறை மெதுவானது, கோவைக்குள் தாள் உறங்கிவிடுவதும் உண்டு. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஆசிரியர் பெருந்தொகையினராக நியமிக்கப்பட்டனர். சான்றுகளின் ஆராய்ச்சியோ பின்னரே நடந்தது. பொய்ச் சான்றுடன் சேர்ந்தோர் தாமாக விலகினால் வழக்கில்லை என்று 2015இல் பாட்னா உயர் நீதிமன்றம் வாய்ப்பளித்ததும், சுமார் 1,400 ஆசிரியர்கள் விலகினர். அவர்களிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்?

தனியார் துறையில் பெரும்பாலும் முதலாளியின் கண்பார்வையே சோதனை. சில தொழில்களுக்கு மட்டும் சட்டம் காவல் நிற்கிறது. வைத்தியர் அரசாங்க வைத்தியசாலையில் இருந்தாலும் பண்டாரவளையில் தனியாக மருந்து கொடுத்தாலும், 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆசிரியருக்கோ அத்தகைய பதிவேடு இல்லை. சர்வதேசப் பாடசாலைகள் எனப்படுபவை நெடுங்காலமாகக் கம்பனிச் சட்டத்தின் கீழேயே பதியப்பட்டு வந்துள்ளன. அங்கே யார் கற்பிக்கிறார் என்பது நிருவாகத்தின் விருப்பம். ரியூசன் வகுப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பதிவேடு இருந்தாலும் அதைத் திறந்து பார்ப்பவர் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரில், தனியார் மிஷன் வைத்தியசாலை ஒன்றில் இருதய நிபுணராகப் பணியாற்றிய ஒருவர் 2025 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டார். பிரித்தானிய வைத்தியர் ஒருவரின் பெயரைத் தமதாக்கிக் கொண்டார் என்பதும், அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் எழுவர் இறந்தனர் என்பதும் குற்றச்சாட்டு. அவரை முகவர் நிறுவனமொன்றே அனுப்பியது என்று வைத்தியசாலைத் தரப்பு கூறியது. முகவர் பார்த்திருப்பார் என்று வைத்தியசாலையும், வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும் என்று முகவரும் இருந்துவிட்டால், நோயாளியின் கதி இதுதான்.

பொய்ச் சான்று பெருகும்போது அதன் சுமை மெய்ச் சான்று உடையவர் தலையிலும் விழுகிறது. எங்கள் தோட்டப் பிள்ளைகள் இதனை நன்கறிவர். பிறப்புப் பதிவில் ‘முத்துலெட்சுமி’. பரீட்சைச் சான்றிதழில் ‘முத்துலட்சுமி’. அடையாள அட்டையில் தந்தையின் பெயர் வேறோர் எழுத்துக்கூட்டில். எங்கள் மாணவி ஒருத்தி அரசாங்க நியமனம் கிடைத்தும் இந்த ஓரெழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டாள். சத்தியக் கடதாசி முடிப்பதற்கும் பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கும் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் அவள் தாயார் கொழுந்துப் பறிப்பை விட்டு எத்தனை முறை பஸ் ஏறினார் என்பதை நான் அறிவேன். பொய்ச் சான்று அச்சடிப்பவன் இத்தகைய பிழையை விடுவதில்லை. எல்லாத் தாளிலும் ஒரே பெயரை ஒரே எழுத்தில் அழகாகப் பொறித்துக் கொடுக்கிறான்! தாளைத் தாளோடு மட்டும் ஒப்பிடும் எழுதுவினைஞருக்கு அவனே நேர்மையாளனாகத் தோன்றுவான்.

ஆகவே, தாளைக் கொண்டு வருபவரிடம் மேலும் தாள் கேட்பதில் பயனில்லை. தாளை வழங்கியவரிடமே, வேலை கொடுப்பவர் நேரே கேட்க வேண்டும். அதையும் நியமனத்துக்கு முன்னரே கேட்க வேண்டும். மலையகத்துக்கு இது புதிதன்று. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடன் தீர்ந்தால் ஆளை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த துண்டைக் கண்டே அடுத்த தோட்டம் ஆளை ஏற்றது. தொழிலாளியைக் கடனிற் கட்டிவைத்த கொடிய முறை அது, அழிந்தது நன்றே. ஆயினும் ஏழையின் கடனை அறிவதற்கு அன்றைய முதலாளிமார் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கையேனும், வைத்தியரின் கல்வியையும் ஆசிரியரின் கல்வியையும் அறிவதற்கு இன்றைய முதலாளிமார் காட்டலாகாதா?

எங்கள் பாடசாலையின் சேர்விடாப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம் உண்டு. நற்சான்றிதழ் கொடுக்கும்போதெல்லாம் அந்த இலக்கத்தையும் எழுதி, ‘ஐயமிருப்பின் இவ்விலக்கத்தைக் குறிப்பிட்டுப் பாடசாலைக்கு எழுதுக’ என்று கீழே ஒரு வரி சேர்த்து வருகிறேன். திணைக்களங்களிலிருந்து, காலந்தாழ்த்தியேனும், கடிதங்கள் வந்திருக்கின்றன. தனியார் நிறுவனங்களிலிருந்து இதுவரை வந்தது ஒன்றே ஒன்று. அன்றே இடாப்பைத் திறந்து பார்த்து, மறு தபாலில் பதில் அனுப்பினோம்.