பிள்ளைகள் படிக்கும் பொருளியலும் நம் கடைக் கணக்கும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் கடைத்தெருவில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்துவிட்டது" என்று சொல்லும் வியாபாரியின் குரல் ஒரு மாதிரி இருக்கும். "காமர்ஸ் குரூப்தான் கிடைத்தது" என்று சொல்லும் வியாபாரியின் குரல் வேறு மாதிரி இருக்கும். அந்தத் 'தான்' என்ற சொல்லைப் பற்றி வணிகப் பெருமக்களிடம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

நெல்லை டவுனிலும் மேலப்பாளையத்திலும் அம்பாசமுத்திரத்திலும் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களில் பலர், பிள்ளைகள் மருத்துவமோ பொறியியலோ படிக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தராசைப் பிடித்து அரிசி நிறுத்துப் பிழைக்கும் குடும்பத்தார், விலை எப்படி உண்டாகிறது, வரி போடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று கற்பிக்கும் பாடத்தை மட்டம் என்று நினைப்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

பள்ளியில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பகுதிகள் உண்டு. இந்திய அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு எல்லாம் குடிமையியலில் வருகின்றன. பொருளியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. அதில் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. அதன் பிறகு ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கும் மாணவன் இந்தப் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. காமர்ஸ் குரூப் எடுப்பவனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் நுண்ணினப் பொருளியலும் பன்னிரண்டாம் வகுப்பில் பேரினப் பொருளியலும் கிடைக்கின்றன. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் கணிசமான பகுதி நுகர்வு, உற்பத்தி, செலவு, விலை நிர்ணயம் பற்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ, டாக்டருக்குப் படிக்கப் போகிறவனானாலும் சரி, கார் பழுது பார்க்கப் போகிறவனானாலும் சரி, பள்ளிப் படிப்பை முடிக்க அரை ஆண்டு அரசாங்கமும் அரை ஆண்டு பொருளியலும் படித்தாக வேண்டும். இரண்டையும் அவர்கள் சேர்த்து வைத்திருப்பது பொருத்தமாகவே படுகிறது. ஏனென்றால் கடையில் இரண்டும் சேர்ந்துதான் வந்து நிற்கின்றன.

26 கிலோ அரிசி மூடை கதை எல்லோரும் அறிந்ததே. 2022 ஜூன் மாத இறுதியில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், முன்கூட்டியே சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவிகித வரி என்று பரிந்துரைத்தது. ஜூலை 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்துக்கு அந்த வரி இல்லை. விளைவு என்ன? 25 கிலோ மூடை 26 கிலோ மூடையாயிற்று. ஒரு கிலோ அரிசி கூடுதலாகப் போட்டுத் தைத்தால் மூடைக்கு மேல் வரி இல்லை. வரியை எங்கே வைத்தாலும் வாங்குபவனும் விற்பவனும் அதற்கேற்றபடி நகர்ந்துகொள்வார்கள் என்பது பொருளியல் பாடம். 25 கிலோ என்ற கோட்டை எந்தச் சபை கிழித்தது, அங்கே தமிழ்நாட்டின் குரலுக்கு எவ்வளவு எடை என்பது குடிமையியல் பாடம்.

அந்த எடையையும் நிறுத்துப் பார்ப்போம். 2016இல் வந்த 101ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்தாலும் 66 சதவிகிதத்தைச் சற்றே தாண்டும், 75ஐத் தொடாது. மத்திய அரசு தனியாக நின்றால் 33தான். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 உறுப்பினர்களும் வந்து வாக்களித்தால், மத்திய அரசுக்கு 20 பேர் துணை வேண்டும். இதில் தமிழ்நாட்டுக்கும் கோவாவுக்கும் ஒரே மதிப்புதான். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும். மன்றத்தின் பரிந்துரை நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் சொன்ன தீர்ப்பையும் இதனோடு சேர்த்துத் தெரிந்துகொண்டால், மனுவை யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது என்பது விளங்கும்.

மனு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடைக்காரருக்கு எல்லா அதிகாரியும் ஒரே 'ஆபீசர்'தான். ஆனால் தராசுக்கு முத்திரை போடுவது தொழிலாளர் துறையின் கீழ் உள்ள எடையளவுப் பிரிவு. கலப்படத்துக்கு மாதிரி எடுப்பவர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வருபவர். தொழில் உரிமம் உள்ளாட்சியின் வேலை. எடையளவுகளின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலில் இருக்கிறது. சந்தைகள் மாநிலப் பட்டியலில். உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலில். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. தொழில் செய்யும் உரிமை 19ஆவது பிரிவில் இருக்கிறது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பதும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை!

இனி பொருளியலுக்கு வருவோம். 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று புத்தகம் சொல்வது பயமுறுத்தும் பெயர்தான். இருட்டுக்கடை வாசலில் நின்று அல்வா வாங்கித் தின்கிறவனைப் பாருங்கள். முதல் நூறு கிராமுக்கு அவன் வரிசையில் நிற்பான். இரண்டாவது நூறு கிராமை ரசித்துத் தின்பான். மூன்றாவதைப் பொட்டலம் கட்டச் சொல்வான். நான்காவதைச் சும்மா கொடுத்தாலும் கையை ஆட்டிவிடுவான். அவ்வளவுதான் விதி.

'தேவை நெகிழ்ச்சி' என்பது இதைவிடப் பயனுள்ளது. உப்பு விலை இரட்டித்தாலும் யாரும் குழம்பில் உப்பைக் குறைப்பதில்லை. சின்ன வெங்காயம் 60 ரூபாயிலிருந்து 120 ரூபாய்க்கு ஏறினால், ஒரு கிலோ வாங்கும் வீடு கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டு பல்லாரிக்கு மாறிவிடும். முதல் பொருளில் விலை ஏறினால் கல்லாவில் பணம் கூடும், இரண்டாவதில் குறையும். பழைய வியாபாரிகள் இதை அனுபவத்தில் அறிவார்கள். புதிதாகக் கடை வைக்கும் பிள்ளை, எந்தச் சரக்கில் ஒரு ரூபாய் கூட வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்பதை அடிபட்டுக் கற்காமல் படித்தே தெரிந்துகொள்ளலாம். பங்குனியில் பிசான அறுவடை வந்ததும் நெல் விலை இறங்குவதும், ஒரு போகம் தக்காளி நல்ல விலைக்குப் போனால் அடுத்த போகம் பாவூர்சத்திரம் வட்டாரம் முழுவதும் தக்காளியாகவே நட்டு விலை படுத்துவிடுவதும் அளிப்புப் பாடம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 'வாய்ப்புச் செலவு'. ஒரு கணக்குக்காகச் சொந்தக் கட்டடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் மிஞ்சுகிறது, லாபம் என்கிறார். அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் 15,000 வரும். சரக்கில் முடங்கிய 10 லட்சத்தை 7 சதவிகிதத்தில் வங்கியில் போட்டால் மாதம் சுமார் 5,800 வரும். அவரும் மனைவியும் வேறிடத்தில் வேலை பார்த்தால் இருவருக்கும் சேர்த்து 30,000 கிடைக்கும். கூட்டினால் 50,800. அப்படியானால் 40,000 லாபம் அல்ல, 10,800 நஷ்டம். அதற்காகக் கடையை மூட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடைக்கு ஒரு மரியாதை உண்டு, யாருக்கும் கைகட்டி நிற்காத பிழைப்பு உண்டு. அதன் விலை மாதம் 10,800 என்று தெரிந்து நடத்துவது வேறு, தெரியாமல் நடத்துவது வேறு. கடையை எடுத்து நடத்த வா என்று மகனையோ மகளையோ அழைக்கும்போது இந்தக் கணக்கைத்தான் முன்னால் வைக்க வேண்டும். படித்த பிள்ளை அதை எப்படியும் போட்டுப் பார்க்கத்தான் போகிறது.

'முற்றுரிமை' என்ற பாடத்துக்கு நம் பக்கத்துக் கதையைவிட நல்ல உதாரணம் உலகில் இல்லை. தூத்துக்குடி - கொழும்பு கப்பல் வழியில் பிரிட்டிஷ் இந்தியா நாவிகேஷன் கம்பெனி தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் கொடுத்தார்கள் என்பது இந்த வட்டாரம் முழுவதும் சொல்லும் செய்தி. குடை கொடுத்தவர்கள் தர்மம் செய்யவில்லை. எதிராளி ஒழிந்தபின் பழைய கட்டணத்துக்குப் போய்விடலாம் என்ற கணக்கு அது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார்; மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இன்று செல்போனில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் அடக்க விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்று நாம் குமுறுகிறோம். குமுறலுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, 2009 மே 20 முதல் நடைமுறையில் உள்ளது. சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பவர் போட்டியாளரை ஒழிக்க அடக்கத்துக்குக் கீழே விற்பது அதன்படி குற்றம். ஆனால் ஆதிக்க நிலை என்பதை நிரூபிக்க வேண்டும். அடக்க விலை எவ்வளவு என்று காட்ட வேண்டும். டில்லி வணிகர் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரின் பேரில்தான் 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் அமேசான், பிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் புகாரை எழுதப் பொருளியலும் வேண்டும், அரசமைப்பும் வேண்டும். ஊர்வலம் போகத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். இப்படி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பள்ளிக்கூடம் வியாபாரிக்கு அந்நியமல்ல. மூடைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே மகமை விதித்துப் பள்ளி நடத்தியவர்கள் இந்தத் தென்பகுதி வணிகர்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படிப்பட்ட பொதுப்பணத்தில் வளர்ந்ததுதான்.

புத்தகத்திலும் குறை உண்டு. 'நிறைவுப் போட்டி' என்று ஒரு சந்தையைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். வாங்குபவர் விற்பவர் எல்லோருக்கும் எல்லா விலையும் தெரியுமாம். அப்படி ஒரு சந்தையை நாற்பது ஆண்டுகளில் நாம் கண்டதில்லை. பற்று நோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் தேதி சம்பளம் வந்ததும் தருகிறேன் என்பவருக்கு எந்த நம்பிக்கையில் சரக்குக் கொடுக்கிறோம், அந்தக் கடனின் வட்டி எந்தச் சரக்கின் விலையில் ஒளிந்திருக்கிறது என்று ஒரு பாடம் எழுதினால் பிள்ளைகள் ஆவலோடு படிப்பார்கள். அதற்கான செய்திகள் நம் கடைகளில்தான் இருக்கின்றன. டவுன், பாளையங்கோட்டைப் பள்ளிகளில் பொருளியல் நடத்தும் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு மண்டிக்கு வர விரும்பினால் தாராளமாக வரலாம். கொள்முதல் சிட்டை, பேரேடு, ஜி.எஸ்.டி. பில் மூன்றையும் எடுத்து வைத்து, மூடை விலை எப்படிக் கட்டுகிறோம் என்று காட்டுகிறோம். லோடு இறங்கத் தொடங்கினால் பேச முடியாது; காலை 7 மணிக்குள் வருவது நல்லது.